உப்புக்கு வாங்கின பிள்ளை

கூட்டம் என்று ஒன்றைக் கண்டால் என் அப்பா முதலில் செய்வது தோளில் கிடக்கும் துண்டை உதறுவது. ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டுவார், மறு முனையைத் தன் இடுப்பு பெல்ட்டில் கட்டுவார். அதற்குப் பிறகுதான் கூட்டத்துக்குள் கால் வைப்பார். மாதா கோயில் தேர், பொருட்காட்சி, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்துக் கடைத்தெரு, எங்கே போனாலும் இதே கதைதான். நாங்கள் மாதாவைக் கும்பிடாத சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் தூத்துக்குடியில் தேர் ஓடும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க எந்தச் சபைக்காரராலும் முடியாது.

"என்ன அண்ணாச்சி, கன்னுக்குட்டிய ஓட்டிக்கிட்டு வாரியளா?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள்.

"சிரிலே, நல்லாச் சிரி. ஒம் பிள்ள இப்ப எங்கன நிக்குன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்" என்பார் அப்பா.

எனக்கு மானம் போகும். ஏழாம் வகுப்பு வரை இப்படித்தான் நடந்தேன். அதற்கு மேல் முடியாது என்று தரையில் புரண்டு அழுத பிறகு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

அவர் பார்த்த வேலையும் கட்டுகிற வேலைதான். துறைமுகத்துக்குக் கப்பல் வந்து சேர்ந்ததும் மேலேயிருந்து வீசும் கயிற்றைப் பிடித்து இழுத்து, கரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்டுகிற கும்பலில் அவர் ஒருவர். ஆள் தொடைப் பருமன் இருக்கும் அந்தக் கயிறு. மாட்டி முடித்ததும் கயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வார். கப்பல் புறப்படும் நேரத்தில் மேலேயிருந்து 'லெட்கோ' என்று குரல் வரும், கயிற்றைக் கழற்றி விட வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் அப்பா போகமாட்டார். யார் காலிலாவது விழுந்து முறையை மாற்றிக்கொள்வார். கேட்டால், "அவுத்து விடுததுக்கா எனக்குச் சம்பளம் குடுக்கான்?" என்பார். அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டிலும் அவர் வாயில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான். "கெட்டியாச்சா?" சைக்கிளைக் கம்பியோடு கட்டியாச்சா, கோழிக்கூட்டுக் கதவைக் கட்டியாச்சா, மாடியில் காயும் துணியைக் கட்டியாச்சா. என் கல்யாணம் முடிந்து சென்னைக்கு ரயில் ஏறியபோது எங்கள் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் என் கணவர் அந்த முடிச்சோடு மல்லுக்கட்டி, நகம் பெயர்ந்து, கடைசியில் கத்தியை எடுத்து வெட்டினார். "உங்கப்பா பெட்டியத்தான் கட்டினாரா, இல்ல உன்னை விடமாட்டேன்னு என்கிட்ட சொல்றாரா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். பிறகு அவருக்கு வேலை இங்கேயே மாறி, நாங்கள் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தோம். அப்பா அன்று ரயில் நிலையத்தில் என் பையைப் பிடித்த பிடியை வீட்டு வாசலில்தான் விட்டார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அடுத்த வீட்டு டிரம்மும் நாற்காலியும் மிதந்து போய்விட்டன. எங்கள் வீட்டில் ஒரு செருப்புக்கூடப் போகவில்லை. எல்லாவற்றையும் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், தன் இடது கையையும் கட்டிலோடு கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க எங்கப்பா போயிரப் போறீங்க?" என்று கேட்டதும் முடிச்சை மறு கையால் மறைத்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார். ஊரில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கேலிக்கு மட்டும் இடம் கிடையாது. பிள்ளைகளை அழவைக்க எல்லா வீட்டிலும் சொல்வதுதான்: 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.' ஒருமுறை என் தாய்மாமா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் அதைச் சொல்லிவிட்டார். நான் அழவில்லை. அப்பாவின் அம்மா, என் ஆச்சி, அழுதார். சோற்றில் வைத்த கையை எடுக்காமல், சத்தமில்லாமல் அழுதார். மாமா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், எதற்கு என்று தெரியாமலே. ஆச்சி நாசரேத்தில் பிறந்து இங்கே உப்பளத்துக்கு வேலைக்கு வந்தவர். வேதத்தைத் தலைகீழாகச் சொல்வார். அப்பா அவருக்கு ஒரே பிள்ளை.

அந்த ஆச்சி சாகக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வார்டில் பார்வையாளர் நேரத்தில், நானும் பக்கத்தில் இருக்கையில்தான் அதைச் சொன்னார். அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆச்சிக்கு ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நான் ஒன்னத் திருடல. உப்புக் குடுத்து வாங்குனேன்."

அப்பா காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்துச் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை.

கல்யாணமாகிப் பல காலம் ஆச்சிக்குப் பிள்ளை இல்லை. சபையில் ஜெபித்துப் பார்த்தார், உபவாசம் இருந்து பார்த்தார். கடைசியில் யாருக்கும் தெரியாமல், தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கும் அந்தோணியார் கோயில் திருநாளுக்குப் போனார். எங்கள் சபையில் புனிதர்களிடம் வேண்டுவது தப்பு. ஆகவே முக்காட்டை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு போனார். அங்கே எல்லோரும் காணிக்கையாக உப்பு வைப்பதைப் பார்த்து அவரும் ஒரு பிடி உப்பு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகக் கூச்சப்பட்டு வாசற்படியருகே நின்றார்.

அப்போது ஒரு பெண் நடக்கத் தெரிந்த ஒரு ஆண் பிள்ளையைக் கொண்டுவந்து படியில் உட்கார வைத்தாள். ஆச்சியின் கையில் இருந்த உப்பைப் பார்த்தாள். "வாங்கிக்கிடுதியா அக்கா?" என்று கேட்டாள். ஆச்சி உப்பை நீட்டினார். அந்தப் பெண் உப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் கடலை நோக்கி நடந்தாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆச்சி அப்படித்தான் புரிந்துகொண்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கடற்கரை ஊர்களில் பிறந்த எவருக்கும் அது என்ன வழக்கம் என்று தெரிந்திருக்கும். பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போகிற வீட்டில், பிழைத்திருக்கும் பிள்ளையைக் கோயில் படியில் வைத்து இன்னொருத்திக்கு உப்புக்கு விற்பார்கள். இனி இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று சாவு ஏமாந்து போகுமாம். விற்றவள் திரும்பிப் பார்க்காமல் போய்க் கடலில் முகம் கழுவி வர வேண்டும். அதற்குள் வாங்கினவள் பிள்ளையைக் கோயிலைச் சுற்றித் தூக்கி வந்திருப்பாள். தாய் அதே உப்பைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வாள். இந்த முறை வாங்கினவள் திரும்பிப் பார்க்காமல் போவாள். கொடுக்கிறவள் யாரானாலும் பார்க்கக் கூடாது. பார்த்தால் செல்லாது. கடற்கரையில் பிறக்காத நாசரேத்துக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"பொறவு தெரியலையாம்மா?" அப்பா கேட்டார். ஆரஞ்சுச் சுளை அவர் கையிலேயே இருந்தது.

"உப்பளத்துல ஒரு கடக்கரைக்காரி பேச்சுவாக்குல சொன்னா. அப்பந்தான் தெரியும்."

"அப்பமே கொண்டு விட்டுருக்கலாம்லா?"

"எப்படிலே விடுவேன்? அதுக்குள்ள நீ என்ன அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிட்டியே."

அப்பா சுளையைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கையைக் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். ஆச்சி செத்த பிறகு அவருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அந்தச் சமயத்தில் எனக்கு ஆச்சி மேல் வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை. அவரை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காரியங்கள் முடிந்ததும் அப்பாவும் நானும் திருச்செந்தூர் தாண்டிப் போகிற பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனோம். வழியில் அப்பா சொன்னார்: "சின்ன வயசுலருந்து எனக்கு ஒரு சொப்பனம் வரும்ளா. கல்லு சுடும். ஒரு பொம்பளை முதுகு போவும். நான் கூப்புடுதேன், திரும்பவே மாட்டா." ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "சொப்பனம்னுல்லா நெனச்சேன்."

எங்கே போய் யாரைக் கேட்பது, எத்தனை ஊர் அலைய வேண்டுமோ என்று பயந்துகொண்டு போனோம். ஒன்றும் அலையவில்லை. கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்பா தயங்கித் தயங்கி வாயைத் திறந்ததுமே கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"உப்புக்காரி மவனா நீரு?"

ஊருக்கே தெரிந்திருந்தது. அன்று விலைக்கு நிற்கப் பேசி வைத்திருந்த நாத்தனார் வரத் தாமதமாகவே, உப்போடு நின்ற யாரோ ஒருத்தியிடம் அவசரத்தில் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள் அந்தத் தாய். முகம் கழுவி வந்து பார்த்தால் படி காலி. பக்கத்து ஊர் எல்லாம் தேடினார்கள். பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ள வந்தவள் நேர்ச்சை தீர்க்க மறுபடி வராமலா போவாள்? ஆகவே ஒவ்வொரு திருநாளுக்கும், அந்த உப்பை மடியில் முடிந்துகொண்டு, அதே படியில் போய் உட்கார்ந்தாள். வந்தவள் வேறு சபைக்காரி, மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்?

"இருக்காவளா?" அப்பா கேட்டார்.

"போன கொடியேத்தத்துக்குக் கொஞ்சம் முந்தித்தான் செத்துப்போனாவ. அதுக்கு முந்தின திருநாளுக்குக்கூட இங்கனதான் இருந்தாவ. நடக்க முடியல, தூக்கிட்டு வந்து வச்சோம்."

அப்பா டீக்கடை பெஞ்சிலிருந்து அந்தப் படியைப் பார்த்தார். காணாமல் போன சாவியை, கம்மலை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோணியார் கெட்டிக்காரர் என்பார்கள். அன்று அவர் என் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஒரே பஸ். எங்கள் தெருமுனையில் ஏறினால் இங்கே வந்து இறங்கலாம்.

கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த வீட்டில் அப்பாவின் தங்கை இருந்தார். அப்பா காணாமல் போன பிறகு பிறந்தவர். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தன் காதைத் தொட்டது. அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே மாதிரி வெளியே மடிந்த காது. ஆனால் உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீரு?"

"ஒண்ணுமில்ல தாயி. அம்ம என்ன விட்டுட்டுப் போவலன்னு தெரிஞ்சுது. இனி நான் இந்த வீட்டு ஆளாயிரணும். நீ என்ன வாங்கிக்கிட்டாப் போதும்."

விற்றவளும் இல்லை, வாங்கினவளும் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் வாரிசு இருக்கிறோம். ஆச்சி பக்கத்து ஆளாக நான் கொடுக்க வேண்டும், தாய் பக்கத்து ஆளாக அந்த அம்மாள் உப்பைக் கொடுத்து வாங்க வேண்டும். அப்பா டீக்கடையிலிருந்து வந்த வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலிலிருந்து பார்த்தால் குசினி மாடம் தெரிந்தது. அங்கே ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் கல்லுப்பு இறுகிக் கிடந்தது.

அந்த அம்மாள் எங்கள் பார்வை போன பக்கம் பார்த்தார். கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அதான், அந்த உப்புத்தான். கறிக்கு உப்பு இல்லாத நாளுலயும் எங்கம்ம அதத் தொட விடல. நான் டைபாய்டுல கிடக்கேன், திருநாளுன்னு படியில போயி உக்காந்துக்கிட்டா. எனக்குச் சோறு வைக்க மறந்துபோவா, ஒமக்கு ஒரு தட்டு வைப்பா. வீட்டுல இருக்க பிள்ள அவ கண்ணுக்குத் தெரியல, காணாமப் போனவன்தான் தெரிஞ்சான். நான் சாவாமப் பொழச்சதுக்கும் ஊரு ஒம்ம வித்ததத்தான் காரணமாச் சொல்லிச்சு. இப்ப வந்து வாங்குன்னு சொல்லுதீரு. நான் ஏன் வாங்கணும்? என்ன யாரு வாங்குனா?"

கதவு சாத்திக்கொண்டது. திரும்பி வரும்போது அந்த அம்மாளை வாயில் வந்தபடி திட்டினேன். அப்பா என்னை அதட்டினார். "அவ சொல்லுததுல என்ன தப்பு?" என்றார். தப்பு இல்லை என்பது எனக்கும் தெரிந்ததால்தான் அவ்வளவு திட்டினேன்.

அதன் பிறகு அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் அந்தப் படிக்குப் போக ஆரம்பித்தார். செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து, இந்த வயதில் இது என்ன விக்கிரக ஆராதனை என்று மென்மையாகக் கேட்டுப் பார்த்தார். "நான் சாமி கும்பிடப் போகல ஐயா, விலைக்கு உக்காரப் போறேன்" என்றார் அப்பா. போதகர் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். அப்பா படியில் உட்கார்ந்தார். துண்டை உதறினார். ஒரு முனையை வாசல் கிராதிக் கம்பியிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கும்பிட வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு பாட்டியம்மாள் அவர் மடியில் காசு போட்டுவிட்டுப் போனார். அப்பா அதை எடுத்து உண்டியலில் போடச் சொன்னார்.

"எதுக்குப்பா இந்தக் கெட்டு?" நான் அழுதேவிட்டேன்.

"முந்தி கெட்டாமத்தான போச்சு" என்றார்.

அந்த அம்மாள் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போவார், தண்ணீருக்குப் போவார். அப்பாவைப் பார்க்காத மாதிரியே போவார். நான் தனியாகப் போய் அவர் வாசலில் நின்று கெஞ்சினேன். பிறகு சண்டை போட்டேன். பிறகு மறுபடி கெஞ்சினேன். ஒருதரம் மட்டும் வாயைத் திறந்து, "வெயில்ல உக்காராண்டாம்னு சொல்லு" என்றார். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "சொன்னாளா? அவளே சொன்னாளா?" என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். அதிலிருந்து குடை கொண்டுபோனார். ஆனால் போவதை நிறுத்தவில்லை.

நெஞ்சுவலி வந்து படுத்தபோது அவர் கேட்டதெல்லாம், "அவ வந்தாளா?" மட்டும்தான். அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. "செத்த பிறகு வந்து என்ன பிரயோஜனம்?" என்று கத்தினேன். வைத்துவிட்டார். அப்பா இரண்டாம் நாள் மதியம் போய்விட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியை இறக்கக் கயிறோடு நின்றவர்கள் அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். முகம் பார்க்கிறவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் வந்தது. நான் குனிந்தேன். அப்போதுதான் ஆண்கள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாள் வந்தார். கையில் ஊறுகாய் பாட்டில்.

"ஏளா, கைய நீட்டு."

"இப்ப எதுக்கு?"

"இப்பவாவது வாங்கிக்கிடுதேன். அங்க ஒருத்தி இன்னும் படியிலதான் உக்காந்திருப்பா. உடம்பு இங்கனயே கிடக்கட்டும். ஆளு வீடு வந்து சேரட்டும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "குடுத்தவ திரும்பிப் பாக்கக் கூடாது. தெரியும்லா?"

தெரியும். பார்த்தால் செல்லாது. ஆனால் நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லையே. வாழ்நாள் முழுக்கச் சொப்பனத்தில் ஒரு முதுகைப் பார்த்துக் கூப்பிட்டவருக்கு நானும் முதுகைக் காட்டிவிட்டா போவது? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வெயிலில் கம்பியோடு கையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவர் கேட்டது இது ஒன்றைத்தான்.

அந்த அம்மாள் பாட்டிலைத் தட்டினார். உப்பு ஒரே கட்டியாக என் உள்ளங்கையில் விழுந்தது. பெட்டிக்குள் அப்பாவின் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்தேன். ஒரு முனையை அவர் மணிக்கட்டில் கட்டினேன். மறு முனையை அந்த அம்மாள் கையில் கொடுத்தேன்.

"பத்திரம் அத்தை" என்றேன். "கெட்டியாச்சுப்பா" என்று அவரிடம் சொன்னேன்.

பிறகு திரும்பினேன். கடல் இருக்கும் கிழக்கு வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் அத்தை ஒரு பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டார். அவருடைய தாய் வைத்த பெயராக இருக்க வேண்டும், நான் அதுவரை கேட்டதில்லை. அதை இங்கே எழுதமாட்டேன், அது இப்போது அவர்களுடையது. நாங்கள் கூப்பிட்ட பெயரையும் எழுதவில்லை, அவரைத்தான் கொடுத்தாகிவிட்டதே.

மூடி சாத்தும் சத்தம் கேட்டது. கயிறு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. துறைமுகத்துக் கூட்டாளிகளில் யாரோ ஒருவர், வாய்ப் பழக்கத்தில், மெல்ல "லெட்கோ" என்றார்.

கைக்குள் உப்பு கசிந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.